குழாயில் தண்ணீர் வந்த பிறகு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் என் பெரியம்மா. தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவரை பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே குழாய். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கு முன்பும், பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பின்பும் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் உடைபட்டு, நகரத்து அடுக்குமாடியின் நான்காவது மாடியில் வீடு கிடைத்த அன்று, அவர் முதலில் சமையலறைக் குழாயைத்தான் திறந்தார். விரல்களை நனைத்தபடி சிறிது நேரம் அப்படியே நின்றார். ஆறு மாதம் கழித்துக் கேட்டேன். "குழாயா? அதற்கென்ன, வருகிறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "அந்தக் குழாயடியைத்தான் மறக்க முடியவில்லை."

வீட்டுக்குள் தண்ணீர் வந்த சந்தோஷம் ஏன் ஆறு மாதத்தில் ஆறிப்போனது? இதற்கான விடையின் ஒரு பகுதி குரங்குகளிடம் கிடைத்தது. நரம்பியலாளர் வொல்ஃபிராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குச் சில சொட்டுப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் படபடவென்று துடித்தன. பிறகு, சாறு வருவதற்கு முன் ஒரு சைகை காட்டிப் பழக்கினார். பழகிய பின் சைகையைக் கண்டதும் செல்கள் துடித்தன. சாறு நாக்கில் விழும்போது அவை கூடுதலாகத் துடிக்கவில்லை. சைகை வந்தும் சாறு வராமல் போனால், செல்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. கிடைத்தது எவ்வளவு என்பதை அல்ல, எதிர்பார்த்ததைவிடக் கூடவா குறைவா என்பதைத்தான் அந்தச் செல்கள் கணக்கிடுகின்றன. திறந்தால் தண்ணீர் வரும் என்று மூளை கற்றுக்கொண்ட நாளிலிருந்து குழாய் வெறும் குழாய்தான். என்றாவது தண்ணீர் நின்றுபோனால் மட்டும் அதன் நினைவு வரும்.

டோபமினை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமினை ஏறக்குறைய முழுவதும் நீக்கிப் பார்த்தார். அவை இரையைத் தேடிப் போகவில்லை. ஆனால் நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டபோது வழக்கம்போல உதட்டை நக்கிச் சுவைத்தன. வேண்டும் என்று தவிப்பது ஒரு வழி, கிடைத்ததை ரசிப்பது வேறு வழி. வாரம் தவறாமல் நான்கு நம்பர் லாட்டரி எடுக்கக் கடைக்கு ஓடுகிறவரிடம் வேலை செய்வது முதல் வழி.

அந்த நம்பர் விழுந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரிய பரிசு விழுந்த 22 பேரிடம் பிலிப் பிரிக்மன் குழுவினர் பேசி, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரிசு பெறாதவர்களைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, நகைச்சுவை கேட்பது, காலை உணவு உண்பது போன்ற அன்றாடக் காரியங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பமோ குறைந்திருந்தது. காலை உணவு என்று படித்ததும் எனக்கு நம் ஊர்ச் சொல் நினைவுக்கு வந்தது. மலேசியத் தமிழர் காலையில் உண்பதைப் 'பசியாறுவது' என்கிறோம். எதிரே வருகிறவரை "பசியாறியாயிற்றா?" என்று கேட்காமல் தாண்டிப் போவதில்லை. அந்த இன்பம் மங்குவது சிறிய இழப்பு அல்ல.

22 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதை வைத்துப் பணத்தால் பயனில்லை என்று சொல்வது ஏழைக்குச் செய்யும் அநியாயம். சுவீடனில் லாட்டரிப் பரிசு பெற்ற ஏராளமானோரை ஆராய்ந்தபோது, பத்தாண்டு கடந்தும் வாழ்க்கை குறித்த அவர்களின் மனநிறைவு உயர்ந்தே இருந்தது. நாளாந்த மகிழ்ச்சியில் தெரிந்த மாற்றம்தான் அதைவிடச் சிறியது.

இனி குழாயடி. அங்கே பெரியம்மாவுக்குக் கிடைத்தது பேச்சு. யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த நிரையில் மரம் பால் கட்டவில்லை, தோட்டத்துக் கணக்கரான கிராணி யாரை ஏசினார் என்று நேற்று பேசியது இன்று இருக்காது. மனிதர்களை மூளை முழுவதும் மனப்பாடம் செய்ய முடிவதில்லை. அதனால்தான் இந்த இன்பம் குழாயைப் போல ஆறிப்போவதில்லை என்று நான் நினைக்கிறேன். நெருங்கிய உறவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கனடாவில் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் எலிசபெத் டன்னும் காப்பிக் கடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேரைக் கடைக்காரரிடம் சிரித்துப் பேசச் சொன்னார்கள். மீதிப் பேரை வாங்கிய கையோடு கிளம்பச் சொன்னார்கள். பேசியவர்களின் மனநிலை மேலாக இருந்தது.

இன்னொன்றும் நடக்கிறது. மின் அதிர்ச்சி வரப்போகிறது என்ற அச்சத்தில் இருந்த 16 மனைவிமாரின் மூளையை ஜேம்ஸ் கோன் 2006-இல் படமெடுத்தார். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது, ஆபத்தை எதிர்கொள்ளும் பகுதிகளின் பரபரப்பு தணிந்தது. முன்பின் தெரியாதவரின் கையும் ஓரளவு தணித்தது. பக்கத்தில் ஆள் இருந்தால் மூளை சுமையைத் தனியாகத் தூக்குவதில்லை. எங்கள் லயத்தில் வீடுகளுக்கு நடுவிலிருந்த பலகைச் சுவர் கூரைவரை எட்டாது. ராத்திரி ஒருவர் இருமினால் மூன்று வீடு தள்ளி, "சுடுதண்ணீர் வேண்டுமா?" என்று குரல் வரும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வு 1938-இல் தொடங்கி 724 ஆண்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பது வயதில் அதிக ஆரோக்கியத்துடன் இருந்தார்கள். இதை முன்கூட்டிச் சொல்வதில், ஐம்பது வயதில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவைவிட உறவின் நிறைவே மேலாக இருந்தது.

லயம் சொர்க்கம் இல்லை. ஒழுகும் கூரையும் கைக்கும் வாய்க்குமான கூலியும் திரும்பி வர வேண்டாம். வீட்டுக்குள் தண்ணீர் அந்த மக்களுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் அடுக்குமாடியை வரைந்தவர்கள், நான்கு பேர் நின்று பேச ஓர் இடம் விடவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குப் பெரியம்மா அதில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து படியேறுகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் நின்றிருந்த அரை மணி நேரத்தில் ஒருவர்கூடப் பேசாமல் போகவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலிகள் வந்திருந்தன.