அன்னத்தில் 'காப்', 'பென்', 'சிக்னெட்': தமிழில் எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தில் அன்னங்களைப் பார்த்துவருபவர்கள் ஆணை 'காப்' என்பார்கள், பெண்ணை 'பென்', குஞ்சை 'சிக்னெட்'. 'காப்' பெரிய ஆள், தலைவன் என்ற பழைய ஆங்கிலப் பொருளிலிருந்து வந்தது. 'சிக்னெட்' அன்னத்துக்கான லத்தீன் பெயர்வழிச் சொல். 'பென்' எங்கிருந்து வந்தது என்பது அகராதிக்காரர்களுக்கே தெளிவில்லை.

இவற்றை ஒலிபெயர்த்து எழுத வேண்டிய தேவையே இல்லை. மயில் நீங்கலாகச் சிறகுள்ளவற்றின் ஆண் சேவல், பெண் பேடை அல்லது பெடை, இளசு பார்ப்பு, பிள்ளை என்று தொல்காப்பிய மரபியல் சொல்லிவிட்டது. புறநானூற்று 67ஆம் பாட்டு 'அன்னச் சேவல்' என்று விளித்தே தொடங்குகிறது. முடிவில் அதன் பேடையும் வருகிறது. ஆனால் குமரித்துறையில் மேய்ந்து வடமலைக்குப் போகும் அந்தப் பறவை இன்றைய வரித்தலை வாத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அன்னத்தைக் குறிக்கும் 'ஹம்ஸ' என்ற வடசொல்லும் வாத்து வகையைக் குறிக்கும் ஆங்கில 'கூஸ்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. நீள்கழுத்து வெள்ளைப் பறவைக்கு அன்னம் என்ற பெயர் இன்று நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம்.

ஐரோப்பாவின் ஊமை அன்னத்தில் சேவலையும் பேடையையும் பிரித்தறிய அலகடியிலுள்ள கறுப்புக் குமிழைப் பாருங்கள். இளவேனிலில் சேவலுக்கு அது நன்றாகப் புடைத்திருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் இந்த அடையாளம் உறுதி. தனியாக நிற்கும் பறவையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தவறும். இணைசேரும்போது எதிரெதிரே நின்று தலையை இருபக்கமும் திருப்பும், கழுத்தை நீரில் முக்கும். வாழ்த்து அட்டைகளில் வரும் 'இதய வடிவம்' இதில் ஒரு நொடிதான்.

கூடு கட்டுகையில் சேவல் நாணலைப் பிடுங்கி அலகில் தூக்கிக்கொண்டு வருவதில்லை. கழுத்தை வளைத்துத் தோள்பக்கமாகப் பின்னால் போடும், ஓரடி நகரும், மறுபடி போடும். அப்படி நகர்ந்து வந்த குவியலைப் பேடை இழுத்து மேடாக அடுக்கும். மேடு தாழ்வாக அமைந்தால் ஒரு மழை வெள்ளம் போதும், முட்டைகள் போய்விடும்.

அடைக்காலத்தைக் கணக்கிடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பேடை ஒருநாள் விட்டு ஒருநாள் இடும். பெரும்பாலும் 5 முதல் 7 முட்டை. கடைசி முட்டைக்குப் பிறகே முறையாக அடை தொடங்குவதால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்கும். அடை 35, 36 நாள். ஆறு முட்டை என்றால் முதல் முட்டையிலிருந்து 45, 46 நாள் ஆகும். அதற்குள் 'கூமுட்டை' என்று கைவிரிக்க வேண்டாம்.

கூட்டில் அமர்ந்திருப்பது பேடைதான் என்றும் முடிவுகட்டக் கூடாது. அவள் மேயப் போகும்போது சேவல் வந்து உட்காருவதுண்டு. ஆஸ்திரேலியக் கறுப்பு அன்னத்தில் இரண்டுமே முறைவைத்து அடைகாக்கும். ஊமை அன்னச் சேவலின் முக்கிய வேலை காவல்: சிறகை வளைத்து உயர்த்தி, கழுத்தைப் பின்னிழுத்து, இரு காலையும் ஒருசேர உதைத்துப் பாய்ந்து வரும்.

பார்ப்புகள் ஓரிரு நாளில் நீரில் இறங்கிவிடும். பறக்க நான்கைந்து மாதம் பிடிக்கும். அவை சிறிதாக இருக்கையிலேயே பேடை இறகுதிர்க்கும். அவளுக்குப் பறக்கும் இறகு மீண்டும் முளைத்த பின்புதான் சேவலின் முறை.