பனிக்காலத்துக்குப் படகை ஏறக்கட்டும் முன்: தண்ணீர் எங்கே தங்குகிறது?

வசந்தத்தில் விரிசல் விட்ட எஞ்சினோடு ஒரு ஏரிப் படகு பட்டறைக்கு வந்தால், காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் உள்ளே விட்டுவைத்த தண்ணீர்தான். உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். வார்ப்பிரும்பு அதற்கு விட்டுக்கொடுக்காது, பிளந்துவிடும்.

வேலையை எரிபொருளில் தொடங்குங்கள். ஏனென்றால் அதற்கு எஞ்சின் ஓட வேண்டும். தண்ணீரை வடித்தபிறகு ஓட்ட முடியாது. டேங்கில் ஸ்டெபிலைசரை, அதாவது பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்தை, டப்பாவில் போட்டுள்ள அளவுப்படி ஊற்றி, எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர் வரை போய்ச் சேர வேண்டும். டேங்கில் ஊற்றிவிட்டு மூடிவைப்பவர்கள்தான் அதிகம். குழாயில் நிற்கும் பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்துக்கொள்வது அப்படித்தான். கரையில் ஓட்டும்போது தண்ணீர்க் குழாயைக் கட்டாயம் இணைத்திருங்கள். இல்லையென்றால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும். மூடிய கொட்டகைக்குள் ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் பேரிங்கை அரிக்கும். சிலிண்டருக்குள் தெளிக்கும் துருத்தடுப்பு எண்ணெயின் அளவுக்கும் முறைக்கும் எஞ்சின் கையேட்டைப் பாருங்கள்.

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை நேராக இறக்கி நிறுத்தினால் குளிர்விக்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். சாய்த்துத் தூக்கி வைத்தால் வடியாது. படகுக்குள் பொருத்திய இன்போர்டுக்கு வேலை அதிகம். பிளாக்கிலும் (எஞ்சினின் வார்ப்பு உடல்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) உள்ள வடிகால் திருகுகள் ஒவ்வொன்றையும் கழற்ற வேண்டும். கழற்றியும் ஒரு துளையில் தண்ணீர் வரவில்லையா? காலியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். துருவும் சேறும் உள்ளே அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

சிலர் வடிக்காமல், பம்ப் வழியாக உறைதடுப்புத் திரவத்தை மட்டும் இழுக்கவிடுகிறார்கள். எஞ்சின் சூடேறாதவரை, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். திரவம் பிளாக்குக்குள் போகாமல் எக்ஸாஸ்ட் வழியே வெளியேறிவிடும். போனாலும், மிச்சத் தண்ணீரோடு கலந்து வீரியம் குறையும். முதலில் வடித்துவிட்டுப் பிறகு ஊற்றுவதுதான் சரி. சில உறைதடுப்புத் திரவங்களில் உள்ள எத்திலீன் கிளைகால் நச்சு. அது கடைசியில் ஏரிக்குத்தான் போகும். புரோப்பிலீன் கிளைகால் உள்ளதையே வாங்குங்கள்.

அடுத்து, பலரும் கண்டுகொள்ளாத, புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர் பெட்டி. கீழ்த் திருகையும் பிறகு மேல் திருகையும் கழற்றி ஆயிலை வடியவிட்டு, நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த காபிபோல் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. அந்தத் தண்ணீர் அடியில் தங்கி உறைந்தால் பெட்டியே வெடிக்கும். புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். தண்டில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கலாம். புது ஆயிலைக் கைப்பம்பால் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். மேல் திருகை முதலில் மூடி, பிறகு பம்பை எடுத்துக் கீழ்த் திருகை மூடுங்கள். இரண்டுக்கும் புது வாஷர் போடுங்கள். பழையதையே போட்டுவிட்டு, அடுத்த வருஷம் சீலைக் குறை சொல்லிப் பயனில்லை.

பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து கழற்றிவிடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. முழு சார்ஜில் உள்ள ஈய அமில பேட்டரி கடும் குளிரையும் தாங்கும். காலியானது மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்துவிடலாம்.

உறை போடும்போது நடுவில் முட்டுக்கொடுத்து, தண்ணீரும் பனியும் வழிந்தோடச் சரிவு வையுங்கள். காற்றுப்போக இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டும். இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக்குக்குள் பூஞ்சைதான் வளரும். லைஃப் ஜாக்கெட், கயிறு, மெத்தை எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

படகின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, அடிப்பகுதி வடிகால் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். அதை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டிவைத்தால், அடுத்த கோடையில் அடைப்பான் போடாமல் படகை ஏரியில் இறக்க வாய்ப்பில்லை.