டிரைவ் மாட்டினால் லேத்துக்குப் பலம் கூடிவிடாது

கோவையில் சிறு பட்டறைகளுக்கு மோட்டாரும் டிரைவும் மாட்டிக் கொடுப்பது என் தொழில். மோட்டாருக்குப் போகும் கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றுகிற வி.எஃப்.டி. டிரைவை லேத்தில் புதிதாகப் போட்டவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: "ஸ்பீடு நல்லாத்தான் கொறையுதுங்க, ஆனா டூலை உள்ள விட்டா நின்னு போயிருது." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மோட்டாரும் நன்றாக இருக்கும், டிரைவும் நன்றாக இருக்கும். வேகத்தைக் குறைத்தால் இழுவை தானாகக் கூடும் என்று நம்பி, லேத்தின் குறைவேகப் பல்சக்கரமான பேக் கியரைத் தொடுவதையே விட்டிருப்பார்கள். சிலர் பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகம் மாற்றும் படிப் புல்லியைக் கழற்றி இரும்புக் கடைக்கே போட்டிருப்பார்கள். அப்படிக் கழற்றுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

2 ஹெச்.பி., 4 போல் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று ஓடும். ஷாஃப்டில் கிடைக்கும் முறுக்கு விசை, அதாவது டார்க், ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். டிரைவ் ஹெர்ட்ஸைக் குறைக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்கும். அதனால் டார்க் அதே 10-இல் நிற்கும், ஏறாது. வேகம் பாதியானால் பவரும் பாதி. 25 ஹெர்ட்ஸில் உங்கள் 2 ஹெச்.பி. மோட்டார் வெறும் 1 ஹெச்.பி. மோட்டார்தான். பெல்ட்டும் கியரும் செய்கிற வேலை வேறு. வேகத்தை எத்தனை மடங்கு குறைக்கிறதோ, கிட்டத்தட்ட அத்தனை மடங்கு டார்க்கைக் கூட்டித் தரும்.

200 மி.மீ. விட்டமுள்ள மைல்ட் ஸ்டீல் ஃபிளாஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால் அதைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் ஓட வேண்டும். 2 மி.மீ. ஆழமும் 0.2 மி.மீ. ஃபீடும் வைத்தால் டூல் முனையில் சுமார் 80 கிலோ எடை அழுத்துகிற அளவுக்கு விசை வரும். விளிம்பு மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி இருக்கிறது, ஆக ஸ்பிண்டிலுக்குத் தேவை 80 நியூட்டன் மீட்டர். இப்போது 500 சுற்று தரும் பெல்ட் படியிலேயே விட்டுவிட்டு, டிரைவில் 4 ஹெர்ட்ஸ் வரை இறக்கி 40 சுற்றுக்கு வந்தால் ஸ்பிண்டிலில் இருப்பது அதிகம் போனால் 29. சாதாரண டிரைவ் அத்தனை கீழே இறங்கினால் அந்த 29-ம் முழுதாக வராது. நிற்காமல் என்ன செய்யும்? அதே மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு, பேக் கியர் போட்டு 40 சுற்றுக்குக் கொண்டுவந்தால், உராய்வில் போவது போக 250-க்கு மேல் கிடைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற பஸ் டாப் கியரிலேயே மெதுவாக ஏறிவிட முடியுமா? அதே கதைதான் இது.

அதற்காக டிரைவ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபேஸிங் போடும்போது, அதாவது முகப்பைத் தட்டையாகச் சீவும்போது, டூல் மையத்தை நெருங்க நெருங்க வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஜாப்பில் நடுக்கம் வந்தால் கொஞ்சம் திருகி விலகலாம். இதெல்லாம் பெல்ட்டில் நடக்கவே நடக்காது. நான் பரிந்துரைப்பது இதைத்தான்: பெல்ட் படிகளும் பேக் கியரும் அப்படியே இருக்கட்டும். டிரைவை 25 முதல் 75 ஹெர்ட்ஸுக்குள் மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று மடங்கு வேக வீச்சு கிடைக்கும். அடிக்கடி பெல்ட் மாற்றும் வேலை மிச்சம். கனமான வெட்டு வந்தால் சோம்பல் படாமல் கியரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

25-க்குக் கீழே நெடுநேரம் சுமையோடு ஓட்ட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மோட்டாரின் விசிறி அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது. ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும், ஆனால் சுமைக்கேற்ற கரண்ட் அப்படியே இருக்கும். மெதுவாகத்தானே ஓடுகிறது, சூடாகாது என்று நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. அப்படி ஓட்டியே தீர வேண்டும் என்றால் தனியாக ஒரு விசிறி வைத்து மோட்டார்மேல் காற்று அடிக்க வையுங்கள்.

75-க்கு மேலே போனால் வேறு விஷயம். 50 ஹெர்ட்ஸுக்கு அப்புறம் டிரைவிடம் கொடுப்பதற்கு வோல்டேஜ் மிச்சம் இல்லை. 100 ஹெர்ட்ஸில் டார்க் பாதியாகிவிடும். அதைவிட முக்கியம், ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் சக். பெரும்பாலான சக்குகளில் அதிகபட்ச வேகம் பொறித்திருப்பார்கள். பழைய வார்ப்பிரும்புச் சக்கில் அழிந்திருந்தால், லேத்தின் பழைய உச்ச வேகத்தைத் தாண்டவே வேண்டாம். டிரைவின் அதிகபட்ச ஹெர்ட்ஸ் என்ற இடத்திலேயே அந்த வரம்பைப் பூட்டி வையுங்கள். குமிழை யார் கடைசி வரை திருப்பினாலும் அதற்கு மேல் போகக்கூடாது. கிரைண்டருக்கும் இதே விதி. கல்லில் அச்சிட்டிருக்கும் வேகத்தைத் தாண்டினால் கல் சிதறும். கிரைண்டரை 50-க்கு மேல் ஏற்றவே கூடாது.

மரை போட்டு மாட்டும் சக் உள்ள பழைய லேத்தா? அப்படியானால் டிரைவில் ரிவர்ஸை அடைத்துவிடுங்கள். திடீர் பிரேக்கும் வேண்டாம். நேர்த் திசையில் ஓடும்போது வெட்டு விசை சக்கை இறுக்கிக்கொண்டே இருக்கும். சட்டென்று நிறுத்தினாலோ திருப்பி ஓட்டினாலோ ஸ்பிண்டில் நின்றுவிடும், கனமான சக் தன் வேகத்திலேயே சுற்றி மரையிலிருந்து கழன்று வரும். நின்று அடங்கும் நேரத்தை 5 விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். பெரிய சக் என்றால் இன்னும் கூட்டுங்கள். அவசரமாகக் குறைத்தால் சுழலும் சக்கின் சக்தி டிரைவுக்குள் திரும்பி வந்து, ஓவர் வோல்டேஜ் காட்டி டிரிப் ஆகும் தொல்லையும் இருக்கிறது.

எந்த மோட்டார் வாங்குவது? டிரைவுக்குத் த்ரீ ஃபேஸ் மோட்டார்தான். ஏற்கெனவே இருக்கும் கப்பாசிட்டர் ஸ்டார்ட் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை ஃபேன் ரெகுலேட்டரிலோ டிம்மரிலோ வைத்து வேகம் குறைக்கப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மோட்டாருக்குள் ஒரு சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் இருக்கிறது. வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் அது மறுபடி ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை இணைத்துவிடும். சில விநாடிகளுக்காக மட்டும் சுற்றிய அந்த மெல்லிய கம்பி கொஞ்ச நேரத்தில் கருகிவிடும்.

வீட்டு சிங்கிள் ஃபேஸ் கரண்டிலேயே த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்டும் டிரைவ்கள் 3 ஹெச்.பி. வரை சாதாரணமாகக் கிடைக்கின்றன. 3 ஹெச்.பி. முழுச் சுமையில் 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், வயரிங் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். அடுத்ததுதான் பலர் கவனிக்காத இடம். 230 வோல்ட் உள்ளே போனால் டிரைவிலிருந்து வெளியே வருவதும் 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான், 415 வராது. நம் ஊர் மோட்டார்களில் 2 ஹெச்.பி. வரை பொதுவாக 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில், அதாவது மூன்று வைண்டிங்கின் ஒரு முனையையும் ஒன்றாக முடிந்து, இணைத்திருப்பார்கள். அதை அப்படியே 230-இல் ஓட்டினால் மோட்டார் சுற்றும், சத்தமும் சீராக இருக்கும், ஆனால் உச்ச டார்க் மூன்றில் ஒரு பங்குதான். மூன்று வைண்டிங்கையும் முக்கோணமாகக் கோக்கும் டெல்டாவுக்கு மாற்றிவிட்டால் 230-இலேயே முழுப் பலம் வரும். 2 ஹெச்.பி.க்கு ஸ்டாரில் மூன்றரை ஆம்பியர் அளவில் இருந்த கரண்ட் டெல்டாவில் 6 ஆம்பியருக்கு வரும். டிரைவில் மோட்டார் கரண்ட்டை அதற்கேற்ப மாற்ற மறந்துவிடாதீர்கள். ஓவர்லோடு பாதுகாப்பு அந்த ஒரு எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

வாங்கும்போது கடையிலேயே டெர்மினல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஆறு முனைகளும் மூன்று பித்தளைப் பட்டைகளும் இருந்தால் கவலையில்லை. ஒரு வரிசை மூன்றையும் சேர்த்துப் பட்டை போட்டிருந்தால் ஸ்டார். மேலும் கீழுமாக இரண்டிரண்டாகப் போட்டிருந்தால் டெல்டா. மூன்றே வயர் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள் புதைந்திருக்கலாம். நல்ல ரீவைண்டிங் கடைக்காரர் அதைத் தேடிப் பிரித்து ஆறு வயரையும் வெளியே எடுத்துத் தருவார். 3 ஹெச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் 415-க்கே டெல்டாவில் சுற்றியிருக்கும். 230 டிரைவில் அவை பலம் கொடுக்காது. த்ரீ ஃபேஸ் சர்வீஸ் இல்லாத இடத்தில் அந்த அளவு மோட்டாரை யோசித்து வாங்குங்கள்.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். மோட்டாரை நேராக லைனில் இணைக்கும் பழைய டி.ஓ.எல். ஸ்டார்டரில் கரண்ட் போனால் காயில் பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சை பட்டனை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். இந்தப் பாதுகாப்பு அதில் தானாகவே இருந்தது. டிரைவ் மாட்டும்போது ஸ்டார்டரைக் கழற்றிவிட்டு, ரன் முனைக்கு ஒரு சாதாரண டாகிள் ஸ்விட்ச் வைத்துவிடுகிறார்கள். லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. ஸ்விட்ச் ஆனிலேயே இருக்கிறது. பையன் சக் சாவியை மாட்டி ஜாப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். கரண்ட் வருகிறது. டிரைவ் விழித்துக்கொண்டு, ரன் சிக்னல் இருப்பதைப் பார்த்து, சுற்ற ஆரம்பிக்கிறது. சக் சாவி முகத்துக்குப் பறந்து வரும். தயவுசெய்து டாகிள் ஸ்விட்ச் வைக்காதீர்கள். பச்சை, சிவப்பு என்று இரண்டு தள்ளு பட்டன் வைத்து மூன்று வயர் முறையில் இணைக்கலாம். அதற்கான அமைப்பு ஏறக்குறைய எல்லா டிரைவிலும் உண்டு. கரண்ட் வந்ததும் தானாக ஓடும் வசதியும், டிரிப் ஆனபின் தானாக ரீசெட் ஆகும் வசதியும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாட்டி முடித்ததும் வெறும் சக்கை ஓடவிட்டு, மெயினை அணைத்து, சற்று நேரம் கழித்துப் போட்டுச் சோதியுங்கள். மாட்டித் தந்த எலக்ட்ரீஷியன் போவதற்கு முன் உங்கள் கண்ணெதிரே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மரப் பட்டறைகளில் கதவு செதுக்கும் சி.என்.சி. ரௌட்டர்களின் ஸ்பிண்டில் வேறு ஜாதி. 2.2 கிலோவாட், 220 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், 24,000 சுற்று என்று எழுதியிருக்கும். டிரைவைப் புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்தால் பேஸ் ஃபிரீக்வென்சி, அதாவது முழு வோல்டேஜ் கொடுக்கும் ஹெர்ட்ஸ், பெரும்பாலும் 50 என்றே இருக்கும். அதை 400 என்று மாற்றாமல் ஓட்டினால், 400 ஹெர்ட்ஸில் கொடுக்க வேண்டிய முழு வோல்டேஜையும் டிரைவ் 50 ஹெர்ட்ஸிலேயே கொடுத்துவிடும். ஸ்பிண்டில் எரிய அதிக நேரம் ஆகாது. ரன் பட்டனைத் தொடுவதற்கு முன்பே பேஸ் ஃபிரீக்வென்சி, வோல்டேஜ், கரண்ட் மூன்றையும் நேம் பிளேட்டைப் பார்த்து ஏற்றுங்கள். இந்த ஸ்பிண்டிலின் டார்க் மொத்தமே 0.9 நியூட்டன் மீட்டருக்கு உள்ளேதான். 6,000 சுற்றுக்கு இறக்கினால் 2.2 கிலோவாட் என்பது 0.55 ஆகிவிடும். பெரிய கட்டர் போட்டு மெதுவாக ஓட்டலாம் என்று திட்டமிடாதீர்கள். தண்ணீரில் குளிரும் வகை என்றால் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃபுளோ ஸ்விட்ச் ஒன்றை டிரைவின் ஃபால்ட் முனைக்கு இணையுங்கள். பம்ப் நின்றால் ஸ்பிண்டிலும் நிற்கும்.

டிரெட்மில் டி.சி. மோட்டார் மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். சிறிய மர லேத்துக்கு ஓடும். ஆனால் அதன் கன்ட்ரோல் போர்டு பலவற்றில் வேகம் மாற்றும் பொட்டென்ஷியோமீட்டரின் முனைகள் நேரடியாக மெயின்ஸ் கரண்டில்தான் இருக்கும். பிளாஸ்டிக் குமிழ் இல்லாமல் தொடவே கூடாது. திறந்த மோட்டார் என்பதால் இரும்புத்தூளும் உள்ளே போகும். தையல் மெஷினுக்கு வரும் சர்வோ மோட்டாரையும் சிலர் டிரில்லிங் மெஷினில் மாட்டுகிறார்கள்; சிறிய துளைகளுக்குச் சரி, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வயரிங்கில் தவறவே கூடாதவை சில. மெயின்ஸை டிரைவில் மோட்டாருக்குப் போகும் முனைகளில் கொடுத்துவிட்டால் அந்த நொடியே டிரைவ் போய்விடும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஸ்டார்டரோ கப்பாசிட்டரோ இருக்கக்கூடாது. மோட்டார் உடலிலிருந்து டிரைவுக்கும், அங்கிருந்து பட்டறை எர்த்துக்கும் தனி எர்த் வயர் போக வேண்டும். மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போடுவதென்றால் மோட்டாரை டிரைவிலிருந்து கழற்றிய பிறகுதான். மெயினை அணைத்த பின்னும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் 230 டிரைவில் 325 வோல்ட் அளவிலும், 415 டிரைவில் 580 வோல்ட்டுக்கு மேலும் டி.சி. தங்கியிருக்கும். டிஸ்பிளே அணைந்ததும் கையை விடாமல் 10 நிமிடம் பொறுத்து, மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே திறங்கள்.

எல்லாம் சரியாக ஓட ஆரம்பித்ததும் மாற்றிய ஒவ்வொரு பாராமீட்டரையும், அதன் எண்ணோடும் மதிப்போடும் ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பக்கத்திலேயே மோட்டார் ஸ்டாரா டெல்டாவா என்பதையும் எழுதுங்கள். டிரைவ் ஒருநாள் பழுதாகி வேறொன்று மாட்ட வருகிறவர் உங்களை எழுப்பிக் கேட்காமலேயே சரியாக மாட்டிவிட்டுப் போகலாம்.