எதிர்க்காற்றில் பாய்மரப் படகு எப்படி முன்னே போகிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். காணொளிகளைப் பார்த்தும் கடலில் இறங்கிப் பார்த்தும் தானாகவே பாய்மரப் படகு ஓட்டப் பழகி வருகிறாராம். காற்றோடு போகத் தெரிந்துவிட்டது. ஆனால் பாய் விரித்த படகு எதிர்க்காற்றில் எப்படி முன்னேறும் என்பது மட்டும் பிடிபடவில்லை என்கிறார்.

நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வில் வலப்பக்கம் கொஞ்ச தூரம், அப்புறம் திரும்பி இடப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏறும். சரி, அந்தச் சாய்வில் போவதற்கு விசை எங்கிருந்து வருகிறது?

பாய் ஓர் இறக்கை. விமான இறக்கையின் மேற்பக்கம் நீளம் அதிகம், அதனால் அங்கே ஓடும் காற்று வேகமாகப் போய் மறுமுனையில் கீழ்க்காற்றோடு சேர்ந்துகொள்கிறது என்று பலருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது தவறு. பாய் வெறும் துணி. இரண்டு பக்கமும் ஒரே நீளம். ஆனாலும் இழுக்கிறது! உண்மையில் பாய் காற்றை வளைத்து வேறு திசைக்குத் திருப்புகிறது. காற்று பதிலுக்குப் பாயைத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். பாயின் இரு பக்கமும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள், கவனியுங்கள். இரண்டும் நேராகப் பின்னோக்கிப் பறந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. காற்று படாத பக்கத்து நூல் படபடத்தால் பாயை அதிகமாக இழுத்துவிட்டீர்கள், கயிற்றைத் தளர்த்த வேண்டும்.

ஆனால் இந்த விசையில் பெரும்பங்கு படகைப் பக்கவாட்டில்தான் தள்ளும். முன்னே இழுப்பது சிறு பங்கு. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு வருகிறது: படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை.

அது பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் வெறும் தடுப்புச்சுவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஓர் இறக்கை. படகு முன்னே போகும்போதே சில பாகை பக்கவாட்டில் நழுவுகிறது. அந்த நழுவலால் தண்ணீர் பலகையைச் சற்றுச் சாய்வாகச் சந்திக்கிறது; பலகை தண்ணீரைத் திருப்புகிறது; தண்ணீர் பாயின் தள்ளலுக்கு எதிராகப் பலகையைத் தள்ளுகிறது. காற்றில் ஓர் இறக்கை, நீரில் ஓர் இறக்கை. பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, மிஞ்சும் முன்னிழுப்பில் படகு ஓடுகிறது.

இத்தனை சின்னப் பலகை எப்படி ஈடுகொடுக்கிறது? தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றின் வேகம் படகைப்போல் 4 மடங்கு என்றால் 800-ஐ 16-ஆல் வகுங்கள். அப்போதும் ஒரே பரப்பில் தண்ணீருக்கு 50 மடங்கு பலம்.

இதே கணக்கில்தான் வாசகரின் சிக்கலும் இருக்கிறது. படகு நின்றுவிட்டால் பலகைக்கு வேலை இல்லை; படகு நண்டுபோலப் பக்கவாட்டில் போகும். ஆகவே முகப்பைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்கி, பாயைத் தளர்த்தி, முதலில் வேகம் பிடியுங்கள். அப்புறம் மெல்ல மெல்லக் காற்றை நோக்கி ஏறுங்கள்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்குத் தீவின் பத்து பெரிங்கி கடற்கரைப் பக்கம் பிற்பகல் கடற்காற்று கரையை நோக்கி வீசும், திரும்புவது எளிது. அதிகாலை நிலக்காற்று வெளியே தள்ளிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் தாக்கும். மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் எச்சரிக்கையைப் பார்க்காமல் படகை இறக்காதீர்கள். "கடல் காவு கேட்கும்" என்று நம் வீடுகளில் இன்னமும் பிள்ளைகளைத் தடுக்கிறார்கள். உயிரை எடுப்பது நீரோட்டமும், திடீர்க் காற்றும், லைஃப் ஜாக்கெட் போடாததும்தான். தீவில் இருக்கும் பள்ளிகளுக்கு இரண்டு சிறு படகுகள் வாங்கிக் கொடுத்தால் விசைகளைப் பிள்ளைகள் கையாலேயே உணர்வார்கள். அறிவியலுக்கு ஒதுக்கும் பணத்தில் அது நல்ல செலவு என்பேன்.

தனியாகப் பழகுபவர் முதலில் கவிழ்ந்து எழப் பழக வேண்டும், அதுவும் கூட ஒருவர் இருக்கும்போது. கயிற்றைத் தளர்த்திவிட்டு, முகப்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகைமேல் ஏறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாயுங்கள். பாய் தண்ணீரை உதறிவிட்டு மேலே வரும்.