பற்கூழ்க்கல்

பல்லின் நடுவே, கடினமான டென்டின் சுவருக்குள், நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடும் மென்திசுவுக்குப் பற்கூழ் என்று பெயர். அதற்குள் கால்சியம் உப்புகள் படிந்து இறுகித் திரள்வதே பற்கூழ்க்கல். ஆங்கில மருத்துவ நூல்கள் இதை 'பல்ப் ஸ்டோன்' என்றும் 'டென்டிக்கிள்' என்றும் வழங்குகின்றன.

'டென்டிக்கிள்' என்பது 'சிறு பல்' எனப் பொருள்படும் 'டென்டிகுலஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. டென்டினைப் போலவே நுண்குழல்கள் கொண்ட கற்களும் உண்டு என்பதால் அப்பெயருக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும் பெரும்பாலான கற்கள் வெங்காயம்போல் அடுக்கடுக்காகப் படிந்தவை; ஆகவே 'சிறுபல்' என்ற நேர்பெயர்ப்பு பொருந்தாது. 'பற்கல்' என்றால் ஈறோரத்தில் வெளிப்புறம் படியும் பற்காரையோடு குழம்பும். இருக்கும் இடத்தையும் இயல்பையும் ஒருசேரச் சொல்லும் 'பற்கூழ்க்கல்' என்பதே தக்க சொல்.

பற்காரைக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் மருத்துவத்தில் பொதுவாக வழங்கும் 'கால்குலஸ்' என்பதற்கு இலத்தீனில் 'சிறு கல்' என்று பொருள். பெயரில் கல்லாக ஒன்றுபடும் பற்கூழ்க்கல்லுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் உடலிலும் உறவு உண்டா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. பற்கூழ்க்கல் பெரும்பாலும் அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. சிறுநீரகக் கற்களில் மிகுதியாகக் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட். முன்னது சிதைந்த செல்களையும் கொலாஜன் இழைகளையும் பற்றித் திசுவுக்குள் வளர்கிறது. பின்னது, சிறுநீரில் உப்புகள் கரைதிறனை மீறிச் செறியும்போது படிகமாகிறது. எனினும், 1937இல் சிறுநீரியல் மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டல் விவரித்த, சிறுநீரகத் திசுவில் தோன்றும் அபடைட் படிவின்மேலேயே பல ஆக்சலேட் கற்கள் வேர்கொள்கின்றன என்பதால், இரண்டின் தொடக்கத்திலும் ஒற்றுமை இல்லாமல் இல்லை.

பல் எக்ஸ்ரேயை வைத்து இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் சில தொடர்பு உண்டு என்கின்றன. வேறு சில மறுக்கின்றன. வயது, சொத்தை, பழைய பல் அடைப்பு, பல்லில் பட்ட அடி ஆகியவையும் பற்கூழ்க்கல்லுக்கு வழிவகுப்பதால், எக்ஸ்ரேயில் கடைவாய்ப்பல்லின் நடுவே வெண்புள்ளி தெரிந்த மாத்திரத்தில் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பது முறையன்று. இக்கல் பொதுவாக வலிப்பதும் இல்லை; வேர்க்குழல் சிகிச்சையின்போது குழலின் வாயை மறைத்துக்கொண்டால்தான், பல் மருத்துவர் மீயொலிக் கருவியின் நுனியால் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும்.