அப்பாட பழைய சாரமும் இழுபட்டுப்போன பட்டியும்

போன கிழமை அப்பாட பழைய சாரம் ஒண்டை வெட்டி சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பை தைச்சனான், மெசின் பழகத் தொடங்குற ஆக்களுக்கு நேர்த்தையல் நாலஞ்சு போட்டாலே முடியுற வேலை அது. பை வடிவாத்தான் வந்தது. ஆனா தோள்ல கொளுவுற பட்டியை மட்டும் துணி மிச்சம் பிடிக்கலாமெண்டு மூலைக்கு மூலை சரிச்சு வெட்டிட்டன். ரெண்டு தேங்காயும் வெங்காயமும் போட்டுக்கொண்டு திருகோணமலை சந்தையில இருந்து வீட்டை வரேக்க பை கிட்டத்தட்ட ஒரு சாண் கீழ இறங்கிட்டு, நாலு விரல் அகலமா இருந்த பட்டி மூண்டுக்கும் குறைஞ்சு போச்சு, தையலும் ரெண்டு இடத்தில படக்கெண்டு விட்டுட்டு. துணியில ஒரு இழை கூட அறேல்ல. அப்ப அந்தக் கூடின நீளம் எங்கயிருந்து வந்தது?

ஒரு சாரத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ, சின்னச் சின்னச் சதுரமா கட்டம் தெரியும். தறியில நீளத்துக்கு இழுத்துக் கட்டுறது பாவு, அதுக்குள்ள மேலயும் கீழயுமாப் பூந்து குறுக்கால ஓடுறது ஊடை. பாவு ஓடுற பக்கமா இழுத்தா பாரம் நேரா நூல்லயே விழும், பருத்தி நூல் லேசில நீளாது, அதால துணி விறைச்சு நிக்கும். ஊடைப் பக்கம் கொஞ்சம் கூடுதலா இளகும், ஏனெண்டா தறியில பாவு இறுக்கமா நிக்க ஊடைதான் கூட வளைஞ்சு வளைஞ்சு போகுது, இழுக்கேக்க அந்த வளைவு நிமிரும். சரிவா இழுத்தா கதையே வேற. அந்தத் திசையில ஒரு நூலும் இல்லை.

உப்புவெளிக் கரையில வலை காயப்போட்டிருக்கிறதைக் கண்டிருப்பீங்கள். வலையின்ட கண்ணை ஒரு மூலையில பிடிச்சு எதிர்மூலைப் பக்கம் இழுத்தா கண் ஒடுங்கி நீளும், கயிறு நீளமாகேல்ல, கயித்துக்கு இடையில இருக்கிற கோணம்தான் மாறுது. என்ட பட்டிக்கும் அதேதான் நடந்தது, ஆயிரக்கணக்கான சதுரம் சரிஞ்சு சாய்சதுரமாகிட்டு, நீளம் கூடி அகலம் குறைஞ்சது. மெசின் தையல் நூலுக்கு அப்பிடி இளக வழியில்லை, துணி போன தூரத்துக்குப் போகேலாம அது அறுந்தது.

சரி, பாவு எந்தப் பக்கம் ஓடுது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? துணியின்ட கரையை, அதாவது தறியிலயே பிரியாம நெய்து முடிச்ச பக்க ஓரத்தைப் பாருங்கோ, பாவு எப்பவும் கரையோட சேந்துதான் ஓடும். சாரத்தில இதை ஆக்கள் மாறி நினைக்கிறவை. துணியின்ட ரெண்டு வெட்டு முனையையும் சேத்து மூட்டித்தான் சாரமாக்கிறது, அதால கரை ரெண்டும் இடுப்பிலயும் காலடியிலயும் வரும், பாவு உடம்பைச் சுத்தி ஓடுது. மூட்டின தையலைப் பிரிச்சா கிட்டத்தட்ட ரெண்டு மீற்றருக்கு நீளமான பட்டி வெட்டலாம், கரையோட வெட்டினா அந்தப் பக்கம் பிரியவும் மாட்டுது. ஆனா நடுப்பகுதியை, இருந்து எழும்பித் தேஞ்ச இடத்தை, பாரம் தாங்குற ஒண்டுக்கும் எடுக்காதேங்கோ, வெளிச்சத்தில பிடிச்சா அந்த இடம் சல்லடை மாதிரித் தெரியும்.

பழசை வெட்டுறதில எனக்குப் பிடிச்ச விசயம் அது இனிச் சுருங்காது. புதுத் துணி தறியிலயும் ஆலையிலயும் இழுபட்ட இழுவையோடதான் கடைக்கு வருது, முதல் தோய்ப்பில நூல் தண்ணி குடிச்சு ஊதி அந்த இழுவை விட்டுப்போகும். பழைய சாரம் எத்தினையோ தரம் கிணத்தடியில தோய்ச்சது, அதில விடுறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை. உள்ளுக்குப் புதுத் துணி வைச்சுத் தைக்கிறதெண்டா அதை முதல்ல தோய்ச்சுப் போட்டு வெட்டுங்கோ, இல்லாட்டி உள்துணி மட்டும் சுருங்கி பை முழுக்கச் சுருக்கு விழும்.

ரீசேட் வேற சாதி. அதில பாவும் இல்லை ஊடையும் இல்லை, ஒரே நூலை வளையம் வளையமாக் கொளுவிப் பின்னினது, வளைஞ்ச நூல் எந்த நேரமும் நிமிரத்தான் பாக்கும். உடம்பைச் சுத்தின மாதிரி ஒரு அங்குலத்துக்கு வளையமா வெட்டி ரெண்டு கையாலயும் இழுங்கோ, வெட்டின ஓரம் ரெண்டும் தானாச் சுருண்டு கயிறு மாதிரி வந்துடும். தைக்காமலே பைக்கு நாடா கிடைச்சிட்டு. ரீசேட்டைத் தைக்கிறதெண்டா முனை மழுங்கின ஊசி போடுங்கோ, கூர் ஊசி வளையத்தை அறுத்தா அதில இருந்து ஓட்டை ஓடும். தையலும் அங்கயும் இங்கயுமா வளைஞ்சு ஓடுற சிக்சாக், அதுதான் துணியோட சேந்து நீளும்.

சரிவு வெட்டு கூடாதெண்டு நான் சொல்லேல்ல. தையல்காரர் கிராஸ் கட் பிளவுஸ் எண்டு சொல்லுறது இந்த இளக்கத்தை நம்பித்தான், உடம்பு வளையுற இடத்தில துணியும் வளைஞ்சு குடுக்கும். பிரான்சில மடலின் வியோனே 1920களில முழு உடுப்பையே இப்பிடிச் சரிவா வெட்டிப் பேர் எடுத்தவ. பாரம் தூக்கிறதுக்கு மட்டும் அது சரிவராது.

பைக்குக் கரையோட புதுப்பட்டி வெட்டிப் போட்டாச்சு. இழுபட்ட பட்டியைக் கழட்டி நீளத்துக்கு ரெண்டாப் பிளந்து, அக்காட பிள்ளைக்கு வாயில வாணி வடியேக்க கட்டுற துணியின்ட வட்டக் கழுத்தைச் சுத்தி மடிச்சுத் தைச்சன், வெளி ஓரம் நீள உள் ஓரம் ஒடுங்க ஒரு சுருக்கும் இல்லாம அப்பிடியே வளைஞ்சு படுத்திட்டு.