புரோட்டோடைப்: மாதிரியா, முன்மாதிரியா, மூலமா?

பெட்டியின் அடிப்பக்கம், பார்கோடுக்குப் பக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. படத்தில் காட்டியிருப்பது புரோட்டோடைப், கைக்கு வரும் பொருள் மாறுபடலாம் என்பது அதன் சாரம். குன்னூர் பெட்போர்டில் எங்கள் வீட்டுக்கு மேல் வரிசையில் குடியிருக்கும் தம்பி அதை என்னிடம் நீட்டி, “அக்கா, இந்த வார்த்தைக்குத் தமிழ்ல என்ன? மாதிரின்னு எடுத்துக்கலாமா?” என்று கேட்டான்.

சும்மா கேட்கவில்லை. ஒரு சினிமா சூப்பர் ஹீரோவின் ஓரடி உயர உருவத்தைப் பதினான்கு மாதம் காத்திருந்து வாங்கியிருக்கிறான். விலை, அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரத்தைத் தொட்டுவிட்டது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனதை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். தேயிலை பாக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம் அது.

உருவத்தை ஜன்னலோரம் வைத்து, முன்பதிவு செய்தபோது கம்பெனி வெளியிட்ட படத்தைப் போனில் பக்கத்தில் பிடித்தோம். படத்தில் புருவத்தின் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கையில் இருந்ததில் புருவம் ஒரே பழுப்புத் தீற்றல். கண்ணில் ஒளி பட்டது போலக் காட்ட ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார்கள். வலது கண்ணில் அது கருவிழியின் ஓரத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. இடது கண்ணில் அரை மில்லிமீட்டர் கீழே இறங்கி இமையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த அரை மில்லிமீட்டரில் பார்வையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. “உடம்பு, டிரெஸ் எல்லாம் அருமைக்கா. முகம்தான் ஒரு மாதிரி இருக்கு” என்றான். ‘மாதிரி’ என்ற சொல்லுக்குத் தமிழில் எத்தனை வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் சொல்லின் பிறப்பு. புரோட்டோடைப் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘புரோட்டோஸ்’ என்றால் முதல். ‘டூபோஸ்’ என்றால் தடம், அச்சு, வார்ப்புக்கான வடிவம். அந்த டூபோஸ், ‘அடி’ என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. எதையாவது ஓங்கி அடித்தால் பதிகிற தடம்தான் டூபோஸ். டைப், டைப்ரைட்டர் எல்லாம் இதே குடும்பம். நாம் ‘டைப் அடிக்கிறேன்’ என்கிறோமே, கிரேக்கம் தெரியாமலேயே வேர்ப்பொருளைத் திரும்ப ஒட்டிவிட்டோம். தமிழும் தன் வழியில் அதே இடத்துக்கு வந்திருக்கிறது. நோட்டீஸ் அடிப்போம், காசு அடிப்போம், அச்சடிப்போம். அச்சு என்பது வடிவம் கொடுக்கும் பொருளையும் குறிக்கும், அதிலிருந்து விழுந்த தடத்தையும் குறிக்கும். முறுக்கு அச்சிலும் அச்சுவெல்லத்திலும் அதுதான் இருக்கிறது. ஆகவே புரோட்டோடைப்பை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் ‘முதல் அச்சு’ என்று வரும். கேட்க நன்றாக இருந்தாலும் வழக்குக்கு ஆகாது. புத்தகத்தின் முதல் பதிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

வழக்கில் நிலைத்திருக்கும் சொல் முன்மாதிரி. அப்படியானால் தம்பி கேட்டதுபோல வெறும் ‘மாதிரி’ போதாதா? போதாது. ஏன் என்பதைக் குன்னூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். இங்கே 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் தூளை எடுத்துச் சாம்பிளாக அனுப்புவார்கள். வாங்குபவர்கள் அதைக் கொதிநீரில் போட்டு, உறிஞ்சிப் பார்த்து, துப்பிவிட்டு, விலை சொல்வார்கள். அந்தச் சாம்பிள்தான் மாதிரி. மூட்டைகள் ஏற்கனவே கோடவுனில் இருக்கின்றன, அவற்றிலிருந்து ஒரு பிடி உங்கள் முன் வருகிறது. ருசி பார்த்தது ஒன்று, மூட்டையில் இருப்பது வேறொன்று என்றால் அது மோசடி. பொருள் முதலில், மாதிரி பிறகு.

புரோட்டோடைப் நேர் எதிர். பொருளே இன்னும் பிறக்கவில்லை. இனிமேல் செய்யப்போகும் ஆயிரக்கணக்கான உருவங்களுக்கு வழிகாட்ட, முன்னதாக ஒன்றைச் செய்து வைக்கிறார்கள். ‘முன்’ என்ற ஓரெழுத்தும் ஒற்றும்தான் இந்த வித்தியாசம் முழுவதையும் தாங்குகிறது. தம்பி ஏமாந்த இடமும் இதுதான். அவன் பார்த்த படத்தைச் சாம்பிள் என்று நினைத்துக் காசு கட்டினான். அவர்கள் காட்டியதோ முன்மாதிரியை.

அந்த முன்மாதிரி எப்படி உருவாகிறது என்று பார்த்தால், அதற்கும் கைக்கு வரும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது புரியும். சிற்பி இப்போது பெரும்பாலும் கணினியில்தான் தலையைச் செதுக்குகிறார். அதை முப்பரிமாண அச்சில் ரெசினாக, அதாவது இறுகும் பிசினாக எடுத்து, வரிகளைத் தேய்த்து, தேர்ந்த ஓவியர் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறார். தோலுக்கு மட்டுமே மெல்லிய அடுக்கு மேல் அடுக்காகப் பல நிறம். துணியை உள்ளே கம்பி வைத்து மடிப்பு மடிப்பாக நிறுத்தி, ஸ்டுடியோ விளக்கில் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் முன்பதிவு.

அப்புறம் உருவம் தொழிற்சாலைக்குப் போகிறது. எஃகில் அச்சு வெட்டி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், அதனால் கூர்மையான விளிம்புகள் மழுங்கும். அச்சிலிருந்து கழன்று வர வேண்டுமே என்பதற்காகச் சில வளைவுகளை முன்கூட்டியே தளர்த்தியிருப்பார்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் கோடு விழும். வண்ணமும் ஒரே ஆள் தீட்டுவதில்லை. ஒருவர் உதடு, ஒருவர் முடியோரம் என்று தட்டு தட்டாக நகரும். கண்ணைப் பல இடங்களில் இயந்திரம்தான் பதிக்கிறது. முகம் வைத்த கோணம் இம்மி விலகினாலும் வெள்ளைப் புள்ளி இமைக்கு இறங்கிவிடும்.

இன்னும் விலை கூடிய ரகம், ரெசினில் கல்தூள் கலந்து வார்க்கும் சிலைகள். அவற்றுக்கு எஃகு அச்சு கிடையாது, சிலிக்கோன் ரப்பர் அச்சு. சில பத்து வார்ப்புக்குள் அந்த அச்சு தளர்ந்துவிடும். புது அச்சில் விழுந்ததும் தளர்ந்த அச்சில் விழுந்ததும் ஒரே விலைக்குத்தான் போகும்.

‘அச்சு அசல்’ என்று ஒரு தொடர் வைத்திருக்கிறோம். அசல் அரபியிலிருந்து வந்தது, வேர் என்று பொருள். நகலும் அங்கிருந்து வந்ததுதான். அப்பாவை அச்சு அசலாக உரித்து வைத்திருக்கிறான் என்போம். அச்சும் அசலும் ஒன்றாக நிற்கும் அந்தத் தொடரைத் தொழிற்சாலை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. அசல் ஸ்டுடியோவில் தங்கிவிடுகிறது, நமக்கு வருவது அச்சு.

சரி, ஒரு சிக்கல் இன்னும் பாக்கி. புரோட்டோடைப் என்ற சொல்லையே தலைகீழாகப் பயன்படுத்தும் ஒரு கூட்டம் உண்டு. சிறிய ரயில் உருவங்களைக் கட்டுபவர்களுக்கு, மேசைமேல் ஓடும் குட்டி எஞ்சினுக்கு மூலமான நிஜ எஞ்சின்தான் புரோட்டோடைப். குன்னூர் ஸ்டேஷனில் புகை கக்கிக்கொண்டு நிற்கும், மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின், அவர்கள் கணக்கில் ஒரு புரோட்டோடைப். அதோடும் நிற்கவில்லை. இந்த எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்தண்டைப் பல்சக்கரத்தால் கவ்வி ஏறுபவை. அவை வயதாகித் தளர்ந்த பிறகு, 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே எக்ஸ் வகையில் புது எஞ்சின்கள் கட்டினார்கள். வின்டர்தூர் எஞ்சினைப் பார்த்துச் செய்தது பொன்மலை எஞ்சின், பொன்மலை எஞ்சினைப் பார்த்துச் செய்தது மேசைமேல் இருப்பது. நடுவில் நிற்கும் எஞ்சின் ஒரு பக்கம் பார்த்தால் படி, மறுபக்கம் பார்த்தால் புரோட்டோடைப்.

சினிமா உருவங்களிலும் இதே இரட்டைப் பொருள் ஒளிந்திருக்கிறது. விலை உயர்ந்த உருவம் புரோட்டோடைப்புக்கு ஒத்து வருமா என்று கேட்டால், திரையில் பார்த்த நடிகரைச் சொல்கிறார்களா, கம்பெனி முதலில் செய்த உருவத்தைச் சொல்கிறார்களா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று விட்டுவிட்டார்கள். தமிழில் பிரித்துச் சொல்லலாம், பிரித்துச் சொல்லவும் வேண்டும் என்பது என் கருத்து.

திரையில் நடித்தவர், அவர் போட்ட உடை, ஓடிய எஞ்சின், இவற்றுக்கு ‘மூலம்’ பொருத்தம். மூலவர், மூலப்பத்திரம் என்று ஏற்கனவே நம் வாயில் இருக்கும் சொல். மலையில் அரை சென்ட் இடம் வாங்கினாலும் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்காதவர் இல்லை. அந்த மூலத்தைப் பார்த்துக் கைத்திறனால் செய்த முதல் உருவம் ‘முன்மாதிரி’. அதிலிருந்து அச்செடுத்துப் பெட்டியில் வருவது ‘வார்ப்பு’. பிரதி, நகல், படி எதுவும் தப்பில்லை. ஆனால் உருகியதை ஊற்றிச் செய்த பொருளுக்கு வார்ப்பைவிட நல்ல சொல் கிடையாது. தோசைக்கே வார்த்தல் என்றுதானே சொல்கிறோம்.

அகராதிகளில் மூலப்படிவம், முன்வடிவம் என்றும் கிடைக்கும். மூலப்படிவம் என்றால் பூர்த்தி செய்து கொடுக்கும் பாரம் போலக் கேட்கிறது. முன்வடிவம் என்றதும் சட்ட முன்வடிவு நினைவுக்கு வருகிறது. முன்மாதிரிக்கு நான் ஒட்டிக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. ‘இந்த ஊராட்சி மற்றவற்றுக்கு முன்மாதிரி’ என்று எழுதும்போது, பின்னால் வருபவை அதை எட்ட வேண்டும் என்ற கடமையையும் அந்தச் சொல் சேர்த்தே சொல்கிறது. உருவம் செய்பவர்களுக்கும் அந்தக் கடமை இருக்கிறது.

மூன்று சொல்லாகப் பிரித்ததும் கேள்வியும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. முன்மாதிரி மூலத்தை எட்டுகிறதா? இன்றைய நிலையில் வியக்கும் அளவுக்கு எட்டுகிறது, தோலின் துவாரம் வரை. சில சமயம் படம் முடியும் முன்பே வரைபடங்களை வைத்துச் செய்வதால் உடையில் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். வார்ப்பு முன்மாதிரியை எட்டுகிறதா? உடை, கவசம், கருவி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட. முகத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பத்துப் பெட்டி பிரித்தால் பத்தும் ஒரே முகமாக இருக்காது. கொடுக்கும் காசில் பெரும்பங்கு முகத்துக்காகத்தான் கொடுக்கிறோம் என்பதால் இது எனக்குச் சின்னக் குறையாகத் தெரியவில்லை.

முன்மாதிரியின் மதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1979இல் கென்னர் என்ற பொம்மை நிறுவனம் ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் உருவத்தை, முதுகிலிருந்து ராக்கெட் பாயும்படி செய்யத் திட்டமிட்டது. குழந்தைகள் தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் அதைக் கைவிட்டு, ராக்கெட்டை ஒட்டிவைத்த உருவத்தை அனுப்பினார்கள். பாயும் ராக்கெட் வைத்த ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. மிஞ்சிய முன்மாதிரிகளில் ஒன்று 2024இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. பின்தொடர ஒரு வார்ப்பும் இல்லாத முன்மாதிரி அது.

உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் நிலைமை மறுபுறம். அங்கே மெழுகில்தான் முதல் உருவம். அதன்மேல் காவிரி வண்டல் பூசி, காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி, மண்ணை உடைத்து எடுத்தால் ஒரு சிலை. முன்மாதிரி போயே போச்சு, அச்சும் உடைந்தது, மிஞ்சியது ஒரே ஒரு வார்ப்பு. ஒப்பிட்டுக் குறை சொல்ல எதுவும் பாக்கி இல்லை. உளி பிடித்து நுட்பத்தை முடிப்பதும், கடைசியில் கண் திறப்பதும் அந்த வார்ப்பின் மேலேயே நடக்கிறது.

எங்கள் மலையில் அதற்கும் முந்தைய வழி இருந்திருக்கிறது. 1870களில் நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் இங்கிருந்த பழைய கற்குவைகளைத் தோண்டி எடுத்தவற்றில், தாழியின் மூடிமேல் நிற்கும் சுடுமண் எருமைகள் உண்டு. கொம்பு வளைந்து, கழுத்து முன்னே நீண்டு நிற்கும். சென்னை அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் அவை இருக்கின்றன. அச்சு இல்லை, முன்மாதிரி இல்லை. மேய்ந்துகொண்டிருந்த எருமைதான் மூலம், பிசைந்த கை நேராக அதிலிருந்து உருவத்துக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, பெட்டியின் அடியில் அந்தப் பொடி எழுத்துக்குக் கீழே பேனாவால் எழுதினான்: ‘படத்தில் உள்ளது முன்மாதிரி. உள்ளே இருப்பது அதன் வார்ப்பு.’ அப்புறம் மெல்லிய பிரஷ் ஒன்று வாங்கி வந்து, இடது கண்ணின் புள்ளியைத் தானே சரிசெய்யப் போவதாகச் சொன்னான். நான்கு நாளாக மூடுபனி விலகவில்லை. இந்த ஈரத்தில் பெயிண்ட் காயாது, வெயில் வரட்டும் என்று உருவத்தைத் துணி போர்த்தி வைத்திருக்கிறான்.